குமரிக்குப் பெரிய ஆலை ஏன் வருவதில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவில் பக்கம் ஆலைக்கு இடம் தேடி வருகிறவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சென்ட் வேணும் சார்?" என்பதுதான். வந்தவர் மனதில் இருப்பது ஐம்பது ஏக்கர். ஐம்பது ஏக்கர் என்றால் ஐயாயிரம் சென்ட். நிலம் வாங்குவதும் விற்பதும் வீட்டுமனை அளவிலேயே நடக்கிற ஊரில் ஐயாயிரம் சென்ட்டை ஒரே வேலிக்குள் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை என்று தரகருக்குத் தெரியும். அப்புறம் இருவரும் டீ குடித்துவிட்டு, ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி மாவட்டத்தில் பார்க்கலாமே என்று பேச ஆரம்பிப்பார்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் குமரிக்குத் தொழிற்சாலை கொண்டுவருவதாக எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவதை நிறுத்த வேறு வழியில்லை என்பது வாதம். ஏன் வரவில்லை என்று கேட்டால் தயாராக இருக்கும் பதில், "நம்ம மாவட்டத்தை யாரும் கண்டுக்கறதில்ல." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனை அரசுகள் மாறினாலும் விடை மாறவில்லை என்றால், கவனிப்புக் குறைவை விடப் பெரிய காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும். 1956-க்குப் பிறகு இங்கே வந்த தொழில், வராத தொழில், வந்துவிட்டுக் கிளம்பிய தொழில் ஆகியவற்றில் சிலவற்றை எடுத்து அந்தக் கணக்கைப் பார்ப்பதே இந்த ஆய்வு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குமரி பெரிய ஆலைக்குத் தோதான இடமில்லை. ஏற்கெனவே இங்கே இருக்கிற நடுத்தர, சிறு தொழில்கள் இடமும் கழிவுநீர் வழியும் சாலையும் இல்லாமல் திணறும்போது, வராத விருந்தாளிக்குப் பந்தல் போடுவதில்தான் மாவட்டத்தின் அரசியல் பலம் முழுக்கச் செலவாகிறது.

நிலம்

திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பரப்பு சுமார் 1,684 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18.70 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 555. அதாவது சரியாக இரட்டிப்பு. இதில் ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் காடு. காட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நெருக்கம் 1,500-ஐத் தாண்டும். மிச்சத்திலும் ஆயிரக்கணக்கில் குளங்கள் இருக்கின்றன. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே வனவிலங்கு சரணாலயம், தெற்கே கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்.

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்குக் கொடுத்த இடம் 400 ஏக்கர், அதாவது 1.6 சதுர கிலோமீட்டர். அதே அளவு இடத்தைக் குமரியில் எடுத்தால், மேலே சொன்ன நெருக்கத்தில், சுமார் 2,500 பேர் குடியிருக்கும் இடத்தை எடுப்பதாக ஆகும். தூத்துக்குடியில் அதற்கு வெட்டவெளி இருந்தது. குமரியில் அப்படிப்பட்ட வெளியே இல்லை.

வெளியூர்க்காரருக்கு இது சட்டென்று புரியாது. பாண்டி நாட்டு ஊர் என்றால் நடுவே வீடுகள், சுற்றிலும் வெட்ட வெளி. கல்குளம், விளவங்கோடு பக்கம் அந்த அமைப்பே கிடையாது. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள் இருக்கும்: ஒரு கிணறு, பத்துத் தென்னை, ஒரு பலா, ஒரு புளி, ஓரமாக வாழை. அடுத்த விளையில் அடுத்த வீடு. களியக்காவிளையிலிருந்து தக்கலை வரை சாலையோரத்தில் ஊர் எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைத்தான் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்வதாக வந்ததற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் காரணம். (பேரூராட்சி ஆனதால் அந்த ஊர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டம் கிடைக்காமல் போனது இன்னொரு வயிற்றெரிச்சல்.)

ஒரு நிலத்துக்கு எட்டு வாரிசு என்றால் அதில் இருவர் சவூதியில், ஒருவர் கனடாவில், ஒருவர் பேசாத தம்பி. எட்டுக் கையெழுத்தும் சேர்ந்து வந்தாலும் விலை இடிக்கும். வளைகுடாப் பணமும் ஆசிரியர், செவிலியர் சம்பளமும் முதலில் போய்ச் சேருவது நிலத்தில்தான். அந்த நிலம் வருமானத்துக்காக வாங்கியது இல்லை. மகள் கல்யாணத்துக்கும் மகன் வீட்டுக்குமான சேமிப்பு. வீட்டுமனை விலையில் நிலம் வாங்கி அதில் ஆலை கட்டி லாபம் பார்க்கிற தொழில் உலகத்தில் குறைவு. நாஞ்சில்நாட்டு வயலை மண் போட்டு நிரப்பி மனையாக்குவதில் கிடைக்கிற பணத்துக்கு ஆலை வாடகை கிட்டே வராது.

சரி, அரசு சலுகை கொடுத்தால்? 2014-ல் வந்த தமிழ்நாடு தொழிற்கொள்கை தென்மாவட்டங்களுக்கென்று தனிச் சலுகைகளை அறிவித்தது. அரசின் தொழில்வளாக நிறுவனமான சிப்காட்டின் வளாகங்களில் நிலத்துக்குப் பாதி விலை என்பது அதில் முக்கியமானது. பட்டியலில் குமரியும் இருந்தது. ஆனால் அப்போது குமரி மாவட்டத்தில் சிப்காட் வளாகம் ஒன்றுகூட இல்லை. இல்லாத நிலத்துக்கு ஐம்பது சதவீதத் தள்ளுபடி! பக்கத்துத் திருநெல்வேலியில் கங்கைகொண்டான் வளாகம் மட்டும் ஈராயிரம் ஏக்கருக்கு மேல். டயர் ஆலை, சோலார் பேனல் ஆலை என்று அங்கே வரிசையாக வந்ததற்குச் சலுகையை விட, வேலி போட்டுச் சாலை போட்டுத் தண்ணீர் கொடுத்துத் தயாராக வைத்திருந்த நிலமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நாகர்கோவிலில் கோணம் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சிறு பட்டறைகளுக்கான இடம் அது, அதுவும் என்றோ நிரம்பிவிட்டது.

பெரிய வளாகம் அறிவித்த மாத்திரத்தில் ஆலை வந்துவிடாது என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. நாங்குநேரியில் ஈராயிரத்து ஐந்நூறு ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலம் 1990-களின் கடைசியிலிருந்து பேசப்படுகிறது. நாலுவழிச் சாலை, ரயில் பாதை, நிலம் மூன்றும் அங்கே உண்டு. இருந்தும் பல ஆண்டுகள் அது முள்காடாகவே கிடந்தது.

அண்டி ஆபீஸ்

தானாக வந்த ஆலைகளைப் பார்ப்போம். முந்திரி ஆலையைக் குமரியில் "அண்டி ஆபீஸ்" என்பார்கள். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மூன்று தலைமுறைப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்த ஒரே ஆலை அதுதான்.

வந்த கதை எளிது. முந்திரித் தொழிலின் தலைநகரம் கொல்லம். அங்கே தொழிற்சங்கம் வலுவாகி, குறைந்தபட்சக் கூலியும் ஏறியபோது, 1960-களிலும் 70-களிலும் முதலாளிகள் உடைக்கும் வேலையை எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். இங்கே கூலி குறைவு, சங்கம் பலவீனம், வேலைக்குப் பெண்கள் தயார், கொல்லம் இரண்டு மூன்று மணி நேர லாரி தூரம். இப்படி ஆலைகள் இடம் மாறி வேலை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே கேரள அரசு 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்க வேண்டியிருந்தது. சலுகை கொடுத்து யாரும் குமரிக்குக் கூப்பிடவில்லை. கூலி வித்தியாசமே சலுகை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வறுப்பார்கள் அல்லது ஆவியில் வேகவைப்பார்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத்தான் போகும். அண்டி ஆபீஸுக்குப் போகிறவர் என்பதைக் கல்யாண வீட்டில் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உடைத்த பருப்பைச் சூட்டறையில் காயவைத்துத் தொலி எடுத்துத் தரம் பிரிப்பார்கள். 320 என்ற தரம் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. பருப்பு பிளந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். கூலி எடைக்கு. ஆகவே கை வேகமும் பக்குவமும்தான் முதலாளியின் லாபம்.

அந்த லாபம் வேறு வழியில் கிடைத்ததும் கணக்கு மாறியது. வியட்நாம் உடைப்பதற்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து உலகச் சந்தையைப் பிடித்தது. இந்தியாவில் பச்சைக் கொட்டைக்கு இறக்குமதி வரி போட்டார்கள். 2018 பட்ஜெட்டில் அதை 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள் என்றாலும் அதற்குள் பல ஆலைகளில் பூட்டு தொங்கியது. இன்னொரு பக்கம், அண்டி ஆபீஸுக்குப் போன அம்மாவின் மகள் நர்சிங் படித்தாள். அவள் அந்தத் தரையில் வந்து உட்காரப் போவதில்லை, உட்காரவும் வேண்டாம். கூலி மலிவு என்று வந்த தொழில், ஊர் படித்து முன்னேறியதும் ஆளில்லாமல் நின்றது. 2011-ல் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். குறைந்த கூலியைக் காட்டி ஆலையை அழைக்கும் வயதை இந்த மாவட்டம் தாண்டிவிட்டது என்று அந்த எண்ணை நான் வாசிக்கிறேன். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஒடிசா, பீகாரிலிருந்து ஆள் வருகிற இடத்தில், "எங்களிடம் வேலையாள் இருக்கிறார்கள்" என்று தொழிலதிபர் மாநாட்டில் சொல்வது எடுபடாது.

ரப்பர் இங்கே, டயர் எங்கே?

குமரியில் தொழில்வளம் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்பது: "தமிழ்நாட்டு ரப்பர் பூரா நம்மகிட்ட. டயர் கம்பெனி ஏன் நம்மகிட்ட இல்ல?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ரப்பர் விளைவதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலில்தான். ஆனால் மாநிலத்தின் பெரிய டயர் ஆலைகள் பலவும் சென்னையைச் சுற்றி இருக்கின்றன: ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின். அங்கெல்லாம் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. தெற்கே வந்த டயர் ஆலையும் கங்கைகொண்டானோடு நின்றுவிட்டது.

விடை ரப்பர் பாலில் இருக்கிறது. விடியும் முன் வெட்டிச் சிரட்டையில் சேரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் தண்ணீர். அமோனியா கலக்காவிட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். ஆகவே பாலைத் தூரம் கொண்டுபோவது தண்ணீருக்கு லாரி வாடகை கொடுப்பதாகும். ஆனால் அதையே ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் தேய்த்து, புகைபோட்டு ஷீட்டாக்கிவிட்டால் கெடாது, எடையும் முழுக்க ரப்பர். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். டயர்காரனுக்கு வேண்டியது ஷீட்டும் கட்டி ரப்பரும். அதோடு செயற்கை ரப்பர், கார்பன் கரி, எஃகுக் கம்பி, நைலான் துணி எல்லாம் வேண்டும். அவை வருவது துறைமுகத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும். செய்த டயரை வாங்குவது கார், லாரி ஆலை. ஆகவே டயர் ஆலை வாகன ஆலைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார அதற்குக் காரணமே இல்லை. குலசேகரத்தில் ரப்பர் இருப்பது டயர் ஆலையை இழுக்காது என்பதை ஒத்துக்கொண்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

அப்படியானால் தோட்டத்துக்குப் பக்கத்தில் எது நிற்கும்? பாலாகவே வேண்டிய தொழில்: கையுறை, பலூன், ரப்பர் நூல், மெத்தை நுரை. இவற்றுக்கு பாலைச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து 60 சதவீதம் ரப்பராக அடர்த்தி ஏற்ற வேண்டும். அந்த ஆலை தோட்டத்திலிருந்து தூரமாக இருக்க முடியாது. குமரியில் இருக்கும் பால் பதப்படுத்தும் ஆலைகளும் கையுறை ஆலைகளும் இந்தக் கணக்கில் நிற்பவை. உண்மையான வாய்ப்பு இங்கே இருக்கிறது.

சிக்கலும் இங்கேயே. பாலைச் சுழற்றிய பின் மிஞ்சும் நீர்த்த பாலில் கொஞ்சம் ரப்பர் தங்கும். அதைக் கந்தக அமிலம் விட்டுப் பிரிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது அமோனியாவும் சல்பேட்டும் கலந்த கழிவுநீர். சரியாகச் சுத்திகரிக்காமல் தேங்கவிட்டால் அழுகிய முட்டை நாற்றம். வெட்டவெளி ஊரில் ஆலைக்கும் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். விளைக்கு விளை வீடு இருக்கிற ஊரில் மதிலுக்கு அந்தப்பக்கம் யாருடைய கிணறோ இருக்கும். முதல் மழைக்காலத்திலேயே கலெக்டர் ஆபீசுக்கு மனு போகும். மனு கொடுப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் குடிக்கிற தண்ணீர். தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சின்ன ஆலைக்குக் கட்டுபடியாகாது. ஐந்தாறு ஆலைகள் சேர்ந்து ஒரே நிலையம் கட்ட வேண்டுமென்றால் அவை ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். மறுபடியும் நிலம்.

விலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட் 2016 தொடக்கத்தில் நூறுக்குப் பக்கத்தில் வந்தது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. விலை விழும்போது ஆளுக்கு ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பால் வெட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். இடையில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து லட்சக்கணக்கில் மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. ரப்பர் மரம் நட்டு ஆறேழு வருடம் கழித்துத்தான் பால் தரும். இப்படிப்பட்ட சரக்கு வரத்தை நம்பிக் கடன் கொடுக்க வங்கி தயங்குவதில் ஆச்சரியமில்லை. ரப்பர் பூங்கா என்ற பேச்சு பல ஆண்டுகளாகக் காதில் விழுகிறது. அது வருவதானால் மேலே சொன்ன பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு, பால்சார்ந்த பொருள்களுக்கென்றே வரட்டும்.

காற்றும் மணலும்

முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்துவிட்டு "மின்சாரம் இவ்வளவு இருக்க, ஆலை ஏன் இல்லை" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: மின்சாரம் கம்பியில் போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஓடும் காற்றாலைகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள். இங்கே உற்பத்தியாகும் யூனிட் அங்கே அவர்கள் கட்டணத்தில் கழியும். உள்ளூருக்கு மிஞ்சுவது குத்தகைப் பணம், காவல், கொஞ்சம் பராமரிப்பு வேலை.

மணவாளக்குறிச்சி மணல் பழைய கதை. 1909 வாக்கில் ஜெர்மானியர் ஒருவர் இந்தக் கரையில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து மணல் அள்ளல் நடக்கிறது. இன்று நடத்துவது மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் பிரித்தெடுக்கப்படுகின்றன. டைட்டானியம் நிறமி செய்வது போன்ற அடுத்தகட்ட ஆலை எதுவும் மாவட்டத்தில் வளரவில்லை. நூறு வருடத்தில் பிரித்து மூட்டை கட்டி அனுப்புவதோடு நின்றது. கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கருத்துக்கேட்பு அறிவித்ததும் எதிர்ப்பு கிளம்பி, கூட்டம் தள்ளிப்போனது. கதிர்வீச்சு பயம், கடலரிப்பு பயம், நிலம் போய்விடும் பயம் மூன்றும் அதில் உண்டு. தொழில்வாய்ப்பு என்ற பேச்சை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நூறு வருடத்தில் கிடைத்ததைப் பார்த்த ஊர் அது.

வராத துறைமுகம்

2016 ஜூலையில் குளச்சலை அடுத்த இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குப் பெட்டி மாற்றுகிற துறைமுகம். சர்வதேசக் கப்பல் பாதை கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் போவதால் இடம் தோதானது என்பது உண்மைதான். மீனவ ஊர்கள் எதிர்த்தன. திட்டம் கோவளம்–கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் துறைமுகம் வரவே இல்லை.

இதை "மீனவர் தடுத்ததால் வளர்ச்சி போச்சு" என்று சொல்கிறவர்கள் நாகர்கோவில் டீக்கடைகளில் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டி மாற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலிலிருந்து கப்பலுக்குப் போகும். கரைக்கு வந்து ஆலை வளர்க்க வேண்டுமென்றால் பின்னால் நிலமும் சாலையும் ரயிலும் வேண்டும். அந்த மூன்றும் இல்லாத கரையில் மீனவருக்கு இழப்பு உறுதி, மற்றவர்களுக்கு லாபம் சந்தேகம். மேலும் மீன்பிடியே இந்த மாவட்டத்தின் பெரிய தொழில் என்பது அந்த டீக்கடைப் பேச்சில் வருவதே இல்லை. தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் அரபிக்கடல் முழுக்கச் சுற்றுகிறவர்கள். ஆனால் அவர்களின் விசைப்படகுகள் பெரும்பாலும் கொச்சியில் கரையேறுகின்றன. தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுகம் கட்டியும் முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகு கவிழ்ந்து உயிர்கள் போயின. படகு எங்கே கரையேறுகிறதோ அங்கேதான் ஐஸ் ஆலையும் பதப்படுத்தும் ஆலையும் ஏற்றுமதியும் வளரும். முகத்துவாரத்தைச் சரியாக வடிவமைத்தால் வருகிற மீன்பதன ஆலை, சிப்காட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பி வருகிற ஆலையை விட நிச்சயமானது. இது தொழில்துறைக் கோரிக்கையாக எந்த மேடையிலும் பேசப்படுவதில்லை. மீன்வளத் துறைப் பிரச்சினை என்று தனிக் கோப்பில் போய்விடுகிறது.

இதற்கிடையில் எல்லை தாண்டி விழிஞ்ஞத்தில் துறைமுகம் எழுந்தது. 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று முறைப்படி திறந்துவைத்தார்கள். அதன் கடல்சுவருக்குக் கல் போனதில் கணிசமான பங்கு குமரி மலைகளிலிருந்து. பத்துச் சக்கர, பதினாறு சக்கர லாரிகள் இரவும் பகலும் மார்த்தாண்டம் வழியாகப் போய்ச் சாலையைக் குழிபறித்து, விபத்தும் நெரிசலும் பெரிய சண்டையான பிறகே கட்டுப்பாடு வந்தது.

சாலை

மாவட்டத்துக்கு உள்ளே சரக்கு நகர்வதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து காவல்கிணறு வழியாக மதுரை செல்லும் நாலுவழிச் சாலை எப்போதோ முடிந்துவிட்டது. மேற்கே கேரள எல்லையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 66 முடியவில்லை. காரணம் வேடிக்கையானது போலத் தோன்றும்: மண் இல்லை. பாதை வயலையும் குளத்தையும் கடக்கிறது, உயர்த்திப் போட லட்சக்கணக்கான லோடு மண் வேண்டும். குளத்தைத் தூர்வாரி எடுக்கலாம் என்றால் அதற்கு அனுமதிச் சிக்கல், மலையடிவாரத்தில் எடுக்கலாம் என்றால் வனத்துறை. ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போய், மறுபடி டெண்டர் விட்டு, 2025-லும் இழுத்துக்கொண்டிருந்தது. நிலநெருக்கம் ஆலைக்கு மட்டுமில்லை, ஆலைக்குப் போகும் சாலைக்கும் எமன். 2018-ல் திறந்த மார்த்தாண்டம் மேம்பாலம் ஊர் நெரிசலைக் கொஞ்சம் குறைத்தது. அவ்வளவுதான். ரயிலில் மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024-ல் முடிந்தது நல்ல செய்தி. திருவனந்தபுரம் பக்கம் இன்னும் வேலை நடக்கிறது.

செய்யக்கூடியது

தரையில் இடம் இல்லையென்றால் மேலே கட்டலாம். கிண்டியில் சிட்கோ எழுப்பியிருப்பது போன்ற அடுக்குமாடித் தொழிற்கூடம் தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்தை விடவும் குமரிக்குப் பொருந்தும். மீன்வலை பின்னுதல், தையல், மின்னணுப் பாகங்கள் பொருத்துதல், வடசேரியின் கோயில் நகை, முந்திரி தரம் பிரித்துப் பொட்டலம் போடுதல், தேன் அடைத்தல் ஆகிய எதற்கும் ஐம்பது ஏக்கர் தேவையில்லை. மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-லிருந்து நடக்கிறது; வீட்டுக்கு வீடு பெட்டி வைத்து, சங்கத்தில் சேர்த்துப் பதப்படுத்தி விற்கிற முறை. விளைக்கு விளை வீடு என்ற அமைப்பைக் குறையாக நினைக்காமல் அதையே உற்பத்தி முறையாக்கியது அது. நாகர்கோவிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பின்னல் லேஸும் அதே வழியில் வீட்டுக்கு வீடு பரவியதுதான். இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் ஒரே கேட் என்ற படம் மனதில் இருக்கிறவரை இதெல்லாம் தொழிலாகவே கண்ணுக்குப் படாது.

படித்த பிள்ளைகளுக்கு இது போதாது, ஒத்துக்கொள்கிறேன். பொறியியல் முடித்தவர் வலை ஆலையில் மேற்பார்வையாளராக உட்காரப் போவதில்லை. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் வளாகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, காலை ரயிலில் குழித்துறையிலிருந்து ஏறுகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கான ஆலை எது என்று தெரியும். தென்காசி மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான சோஹோ 2011-ல் ஆரம்பித்ததும் நிலத்துக்காகவோ சாலைக்காகவோ நடந்ததில்லை, ஆளுக்காக நடந்தது. குமரி விற்கக்கூடிய சரக்கு படிப்பு. அதற்கு நாகர்கோவில் கோணத்தில் நல்ல கட்டடமும் தடையில்லா இணையமும், திருவனந்தபுரத்துக்கு அரை மணிக்கு ஒரு ரயிலும் இருந்தால் ஆகும். ரயில்வே கோட்டம் திருவனந்தபுரமாக இருப்பதை எதிர்த்து நாகர்கோவிலில் நீண்டகாலமாகக் குரல் இருக்கிறது. எந்தக் கோட்டமானாலும் சரி, காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு ரயில் வேண்டும்.

மிஞ்சியிருப்பது விழிஞ்ஞம். கேரளம் விழிஞ்ஞம்–கொல்லம்–புனலூர் என்று ஒரு தொழில் முக்கோணத்தை அறிவித்திருக்கிறது. அது முழுக்கத் துறைமுகத்துக்கு வடக்கே. தென்கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் களியக்காவிளை. ஜிஎஸ்டி வந்த 2017-லிருந்து அங்கே வணிகவரிச் சோதனைச்சாவடி கிடையாது; சரக்குக் கிடங்குக்கு மாநில எல்லை முன்போல் தடையில்லை. பெட்டி பிரித்து அடுக்க, குளிர்பதனத்தில் மீன் வைக்க, கையுறையையும் முந்திரியையும் கப்பலேற்ற இரண்டு மூன்று ஏக்கர்த் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு போதும். அத்தகைய துண்டுகள் நெடுஞ்சாலை 66-க்காக ஏற்கெனவே எடுத்த நிலத்தை ஒட்டி எங்கெங்கே இருக்கின்றன என்று வருவாய்த் துறை ஒரு பட்டியல் எடுக்கலாம். அதற்கு மாநாடு தேவையில்லை. விளவங்கோடு, கிள்ளியூர் தாசில்தார்கள் இருவர் போதும்.